கொலுவில் ஏறிய ஐரோப்பா

ருக்மிணிக்கு ஐரோப்பாவைப் பற்றி நேரில் தெரிந்ததெல்லாம் ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தின் ஒரு பெஞ்சு மட்டும்தான். சென்னையிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வரும் வழியில், தூங்கிப்போன பிள்ளை க்ரிஷை மடியில் போட்டுக்கொண்டு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரும்புப் பெஞ்சு, இடுப்பு வலித்தது. ஐரோப்பா அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் 1998ஆம் வருஷக் கோடையில், சான் ஹோசேயில், ஜப்பானியர்களுக்கு ஐரோப்பாவை விற்கும் வேலையில் சேர்ந்தாள் என்றால் அமெரிக்காவில் எதுவும் நடக்கும் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாம்பலத்தில் இருந்தவரை அவள் சரித்திர டீச்சர். கணவர் வெங்கடகிருஷ்ணனுக்கு இங்கே வேலை கிடைத்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தாள். கணவர் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்த மனைவி வேலைக்குப் போகக் கூடாது என்பது சட்டம். ஸ்ம்ருதி பிறந்தாள், வளர்ந்தாள், பள்ளிக்கூடம் போனாள், ருக்மிணி காத்திருந்தாள். ஏழு வருஷம் கழித்துத்தான் கிரீன் கார்டு வந்தது. வெங்கடகிருஷ்ணன் நல்ல மனுஷன், குறை சொல்ல முடியாது. பாத்திரம் தேய்ப்பார், கோபப்பட மாட்டார். ஆனால் நாலு பேர் கூடுமிடத்தில் யாராவது, "மேடம் என்ன பண்றாங்க?" என்று கேட்டால், பக்கத்தில் குத்துக்கல்லாக அவள் நின்றுகொண்டிருக்கும்போதே, "ஷி இஸ் அட் ஹோம்" என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். அதைக் கேட்கும்போதெல்லாம் ருக்மிணிக்கு வயிறு எரியும். முகத்தில் சிரிப்பு இருக்கும், அது வேறு.

சாரட்டோகா அவென்யூவில் ஜப்பானியர்களின் பெரிய மளிகைக்கடை ஒன்று உண்டு. அதை ஒட்டிய வரிசையில் ஒரு சின்ன டிராவல் ஏஜென்சி, பெயர் ஹோஷி டிராவல்ஸ். விமானக் கம்பெனிகளோடு போனில் ஆங்கிலத்தில் சண்டை போட ஓர் ஆள் தேவை என்று கதவில் ஒட்டியிருந்ததைப் பார்த்து ருக்மிணி உள்ளே போனாள். குனிந்து குனிந்து வணக்கம் சொல்லும், நிமிஷம் தவறாத கிழவர் ஒருவர் இருப்பார் என்று எதிர்பார்த்தாள். உள்ளே யாருமே இல்லை. இருபது நிமிஷம் கழித்து, ஒரு கையில் காபியும் மறு கையில் செருப்புமாக ஓடிவந்தாள் மேனேஜர் மிஸ் கிதகாவா. வயது முப்பதுகூட இருக்காது. மேஜையைப் பார்த்தால் பழைய பேப்பர் கடை. தினமும் லேட்டாக வருவாள் என்பது பிறகு தெரிந்தது. ஜப்பானியர் என்றால் இப்படித்தான் என்று ருக்மிணி மனதில் எழுதி வைத்திருந்ததை முதல் நாளே அழிக்க வேண்டியதாயிற்று.

கிதகாவா மட்டும் என்ன, லேசுப்பட்டவளா? இந்தியர்கள் என்றால் கணக்கில் புலி என்று நம்பித்தான் அவள் ருக்மிணியை எடுத்தாள். வாய்க்கணக்காக ஏதோ பெருக்கல் கேட்டபோது ருக்மிணி வெட்கப்படாமல் கால்குலேட்டரை இழுத்துக்கொண்டாள். கிதகாவாவின் முகம் வாடிவிட்டது. "காலையில்கூடக் கறி சாப்பிடுவீர்களா?" என்று இன்னொரு நாள் கேட்டாள். இட்லிக்குச் சாம்பார் ஊற்றிக்கொள்வதை நினைத்து, ஆமாம் என்று ருக்மிணி சொல்லிவிட்டாள்.

வேலை மூன்று மாதத்துக்குத் தற்காலிகம். செப்டம்பர் கடைசியில் டோக்கியோ தலைமை அலுவலகத்திலிருந்து ஒகாத்தா என்ற பெரியவர் வந்து பார்ப்பார். கடைக்கு இரண்டாவது ஆள் வேண்டுமா, வேண்டாமா என்று அவர்தான் முடிவு செய்வார். வேண்டாமென்றால் ருக்மிணி மறுபடியும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்தத் தடவை சட்டத்தைச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், நாலைந்து வருஷத்துக்கென்று ஜப்பானிலிருந்து இங்கே அனுப்பப்பட்ட என்ஜினீயர்களின் மனைவிமார். புத்தாண்டு விடுமுறைக்கு ஐரோப்பா போக வேண்டும் என்று வருவார்கள். கிதகாவா வந்து சேரும்வரை அவர்களோடு ஆங்கிலத்தில் பேசுவது ருக்மிணி பாடு. அவர்கள் பேசப் பேச ருக்மிணிக்கு ஒன்று விளங்கியது. இவர்களுக்கு ஐரோப்பா கண்டமே இல்லை, ஒரு பெரிய கூட்டுக்குடும்பம். ஃபிரான்ஸ் அந்த வீட்டின் அழகான மருமகள். திமிர் பிடித்தவள், ஆனால் அந்தத் திமிரும் அவளுக்கு ஒரு நகை. ஜெர்மனி நேரம் தவறாத பெரியப்பா. "எங்களை மாதிரியே உழைப்பாளி" என்று இவர்கள் சர்டிஃபிகேட் வேறு கொடுப்பார்கள். இத்தாலி செல்லப்பிள்ளை. நன்றாகச் சாப்பிடும், பாடும், எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் கண்ணடிக்கும், ரயிலை மட்டும் நேரத்துக்கு விடாது. ஸ்பெயின் சிவப்புப் பாவாடை கட்டிக்கொண்டு எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். ஹாலந்து, எந்தக் காலத்திலோ கப்பலில் வந்துபோன பழைய சிநேகிதன். ஃபின்லாந்து வாயே திறக்காது, அதனாலேயே இவர்களுக்குப் பிடிக்கும். ஸ்விட்சர்லாந்து என்றால் பச்சைப் புல், ஆடு, பால், கன்னம் சிவந்த சிறுமி. அங்கே குப்பை என்பதே கிடையாது. இங்கிலாந்து கையில் குடை வைத்திருக்கும் கனவான். ரோஜாத் தோட்டம், டீ எல்லாம் உண்டு, சாப்பாடு மட்டும் வாயில் வைக்க வழங்காது.

ருக்மிணி முதலில் உள்ளுக்குள் சிரித்தாள். பிறகு யோசித்துப் பார்த்தாள். "அங்க ஸ்னோ ஜாஸ்தியா?" என்று சான் ஹோசேக்கு போன் போட்டுக் கேட்கும் மாம்பலத்து அத்தை நினைவுக்கு வந்தாள். அத்தையை அவள் ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை. "ஆமாம், குளிர் தாங்கலை" என்று சொல்லிவிட்டு, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து மோர் குடிப்பாள்.

ஆனால் மிஸஸ் ஷிமிசு விஷயத்தில் அந்தப் புத்தி வரவில்லை. அந்த அம்மாள் பாரிஸ் போக வேண்டும் என்று வந்து, கையைக் கோத்துக்கொண்டு, "பாரிஸ் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். நூலகத்தில் படித்து வைத்ததையெல்லாம் ருக்மிணி ஒப்பித்தாள். பிக்பாக்கெட் ஜாஸ்தி, நடைபாதையில் நாய் அசிங்கம், ஹோட்டல் சர்வர் முறைப்பான், ஜனவரியில் விடாத மழை. மிஸஸ் ஷிமிசு புன்னகையோடு தலையாட்டிக் கேட்டாள், மூன்று தரம் நன்றி சொன்னாள், போனாள். ருக்மிணிக்கு ஒரே பெருமை. மறுவாரம், அந்த அம்மாள் வேறு கடையில் டிக்கெட் வாங்கிவிட்டாள் என்று செய்தி வந்தது.

"அவள் பாரிஸ் எப்படியிருக்கும் என்று கேட்கவில்லை" என்றாள் கிதகாவா. "பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் மனதில் ஒரு பாரிஸ் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஆள் தேடி வந்தாள். நீங்கள் நாய் அசிங்கத்தைக் காட்டினீர்கள்."

"அப்படியென்றால் பொய் சொல்லட்டுமா?"

"வேண்டாம். முதலில் அவர்களுடைய பாரிஸைக் காட்டச் சொல்லுங்கள்."

அன்று முதல் ருக்மிணி வருகிறவர்களிடம் பதில் சொல்வதை விட்டுவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எந்த மலை, எந்த நிறம், எந்த மாதிரி ஜன்னல் என்று கேட்டால் போதும், அரை மணி நேரம் பேசுவார்கள். மழைக்குக் குடையும், பர்ஸுக்கு உள்பையும் எடுத்துக்கொள்ளச் சொல்வதைக் கடைசியில் நைசாகச் சேர்த்துவிடுவாள். வியாபாரம் சூடு பிடித்தது. கிதகாவா இன்னும் லேட்டாக வர ஆரம்பித்தாள்.

செப்டம்பரில் டோக்கியோவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஐரோப்பிய நாடுகளின் பொம்மைகள், நாட்டுக்கு ஒன்று. கடையின் கண்ணாடி ஜன்னலில் அழகாக வைக்க வேண்டுமாம், ஒகாத்தா வந்து பார்ப்பாராம். கிதகாவாவுக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் மீட்டிங். "நீங்களே எப்படியாவது வைத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு ஏர்போர்ட்டுக்கு ஓடினாள்.

அது நவராத்திரி ஆரம்பித்த வாரம். முந்தின நாள்தான் ருக்மிணி வீட்டில் கொலு வைத்து முடித்திருந்தாள். பொம்மை கையில் கிடைத்ததும் அந்தக் கை வேறு என்ன செய்யும்? பிரோஷர் வந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கி ஐந்து படி கட்டினாள். வெள்ளைத் துணி விரித்தாள். யார் எந்தப் படி என்று ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. மலையில் இருக்கிறது என்றால் கைலாசம்தான், ஆகவே ஸ்விட்சர்லாந்துச் சிறுமியும் அவள் ஆடும் உச்சிப்படி. ஆட்டம், பாட்டு, அலங்காரம் எல்லாம் தேவலோக சமாசாரம் என்பதால் ஃபிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் மூன்றும் இரண்டாம் படி. கோட்டையும் கொத்தளமும் வைத்திருக்கிற ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ராஜாக்களுக்குரிய மூன்றாம் படி. ஃபின்லாந்து, டென்மார்க், போர்ச்சுகல் நாலாவது. கீழே பார்க் வேண்டுமே! வீட்டில் தட்டில் முளைவிட்டிருந்த கடுகை எடுத்துவந்து புல்வெளியாக்கி, கைக்கண்ணாடியைக் குளமாக்கி, நடுவில் காற்றாடி ஆலையோடு ஹாலந்தை நிறுத்தினாள்.

மிச்சம் இங்கிலாந்து. தொப்பை, மீசை, குடை. பார்த்தவுடனேயே அது யார் என்று ருக்மிணிக்குத் தெரிந்துவிட்டது. கொலுவில் எப்போதும் கீழ்ப்படியில், மளிகைச் சாமானைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே செட்டியார், அவர் இடம்தான் இவனுக்கு. வியாபாரம் பண்ணுகிறேன் என்று கம்பெனி வைத்துத்தானே உள்ளே நுழைந்தான்? சரித்திர டீச்சருக்கு இதில் சந்தேகமே இல்லை. கடைசிப்படியில் அவனை உட்கார்த்தி, முன்னால் குட்டிக் கிண்ணங்களில் மிளகு, கிராம்பு, டீத்தூள் வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். மனசு நிறைந்துவிட்டது.

மறுநாள் காலையிலிருந்தே ஜன்னல் முன்னால் கூட்டம். ருக்மிணி பூரித்துப்போனாள். அந்தப் பூரிப்பு கொஞ்ச நேரம்தான். ஜப்பானியர் வீடுகளிலும் பெண்குழந்தைகளுக்காக வசந்தத்தில் படி கட்டிப் பொம்மை வைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. உச்சியில் சக்கரவர்த்தியும் ராணியும், அடுத்து பணிப்பெண்கள், வாத்தியக்காரர்கள், மந்திரிகள், அடியில் ஏவலாட்கள். அவர்களுக்குப் படி என்றால் அந்தஸ்து. பார்த்த ஒவ்வொருவரும் இதை மதிப்பெண் பட்டியலாகவே படித்தார்கள்.

"பாரிஸுக்கு இரண்டாம் இடமா?" என்று ஒரு பெண்மணி மெல்லக் கேட்டாள். டூசல்டார்ஃபில் ஆறு வருஷம் வேலை பார்த்த என்ஜினீயர் ஒருவர் உள்ளே வந்து, ரொம்ப மரியாதையாகத் தலை குனிந்து, "ஜெர்மனிக்கு மேலே இத்தாலியா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் போனவர், மத்தியானம் இரண்டு சகாக்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். பக்கத்து மளிகைக்கடைக்கு டோஃபு வாங்க வந்தவர்களெல்லாம் ஜன்னல் முன்னால் நின்று, குரல் உயர்த்தாமல் சண்டை போட்டார்கள். உள்ளே வந்து ஐரோப்பாவைப் பற்றி விசாரித்தவர்களும் அன்று அதிகம்தான். அதைக் கவனிக்கிற நிலையில் ருக்மிணி இல்லை.

சாயங்காலம் கிதகாவா லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இங்கிலாந்து எங்கே?" என்றாள்.

"கீழ்ப்படியில்."

"ருக்மிணி-சான், ஒகாத்தாவுக்கு இங்கிலாந்து என்றால் உயிர். கம்பளிக் கோட்டு, நாலு மணி டீ, எல்லாமே அந்த ஊர் மாதிரி. அவர் நாளைக் காலை வருகிறார். தயவுசெய்து மேலே ஏற்றுங்கள்!"

மறுநாள் ருக்மிணி சீக்கிரமே போனாள். பொம்மையைத் தூக்க ஜன்னலுக்குள் கையை நீட்டினாள். கை வரவில்லை. வைத்த கொலுவை நவராத்திரி நடுவில் கலைப்பதாவது! வீட்டில் ஒரு மரப்பாச்சி சாய்ந்தாலே பதறுகிறவள் அவள். ஆனாலும் வேலை போய்விடுமே! நீட்டிய கையோடு நிமிர்ந்தவள், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒருவர் நிற்பதைப் பார்த்தாள். கலிஃபோர்னியா வெயிலில் கம்பளிக் கோட்டு. கையில் நீளக் குடை.

ஒகாத்தா உள்ளே வந்தார். கிதகாவா வழக்கம்போல் வந்திருக்கவில்லை. அவர் படிகளை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்து, கடைசிப்படியில் வந்து நின்றார்.

"இங்கிலாந்து ஏன் இங்கே?"

பொம்மை கனம், அதனால் கீழே வைத்தேன் என்று சொல்லிவிடலாம். வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பதினோரு வருஷம் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொன்ன வாய் அது.

"எங்கள் வீட்டுக் கொலுவில் இது வியாபாரி உட்காரும் படி. எங்கள் ஊருக்கு அவர்கள் மிளகும் துணியும் வாங்கத்தான் வந்தார்கள். வந்தவர்கள் போக மறந்துவிட்டார்கள். அதனால் இது கேவலமான இடம் இல்லை. இந்த வியாபாரி இல்லாமல் கொலுவே கிடையாது. குழந்தைகள் ஓடிவந்து முதலில் உட்காருவதும் இந்தப் படியின் முன்னால்தான்."

ஒகாத்தா குனிந்து, கிராம்புக் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஜப்பானை எந்தப் படியில் வைப்பீர்கள்?"

உச்சி என்றால் காக்காய் பிடிப்பது. கீழே என்றால் வேலை போச்சு. நடுவில் வைத்தால் இரண்டும் கெட்டான். அவள் படிகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கண்ணாடிக்கு வெளியே அப்போதே கூட ஆரம்பித்துவிட்ட கூட்டத்தைப் பார்த்தாள். பதில் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

"ஜப்பான் படியில் இல்லை. கொலு பார்க்க வந்திருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்காகத்தானே இவ்வளவும்? பொம்மைகளுக்குத் தாங்கள் இப்படியிருப்பது தெரியாது. அவர்கள் ஊரில் அவர்கள் வேறு மாதிரி இருப்பார்கள். இங்கே நீங்கள் பார்க்க ஆசைப்படுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்."

சொன்னதோடு விட்டாளா? கொலு பார்க்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லாததால், "வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், சுண்டல் உண்டு" என்றும் சொல்லிவிட்டாள். அவர் "ஹ்ம்" என்றார். அதற்குள் கிதகாவா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். இருவரும் ஜப்பானிய மொழியில் பேசிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்கள்.

அன்று முழுக்க ஒரு பதிலும் இல்லை. மறுநாளும் இல்லை. கிதகாவா கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்த ருக்மிணி குக்கரை ஏற்றிவிட்டு நின்ற இடத்திலேயே அழுதாள்.

"இதுக்குப்போய் அழுவாளா? போனா போறது" என்றார் வெங்கடகிருஷ்ணன். "வேற வேலை அப்ளை பண்ணிக்கலாம். இல்லேன்னாதான் என்ன, நமக்கு என்ன கொறச்சல்?"

"உங்களுக்கு ஒரு கொறச்சலும் இல்லதான். வர்றவா எல்லாரும் நான் யாருன்னு உங்களைத்தானே கேக்கறா. அங்க அந்த மனுஷர் என்னை நிக்கவெச்சு என்னைக் கேட்டார். நான் பதில் சொன்னேன். தப்பாவே இருந்துட்டுப் போகட்டும், நான் சொன்னேன்."

வெங்கடகிருஷ்ணன் போய் குக்கர் அடுப்பை அணைத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு நிறையக் கூட்டம். கலிஃபோர்னியாவிலேயே இருக்கும் டப்ளினிலிருந்து சிநேகிதி புஷ்பவல்லி குடும்பத்தோடு வந்திருந்தாள். ஸ்ம்ருதி பட்டுப்பாவாடையோடு வாசல் கதவைத் திறந்துவிட்டு உள்ளே ஓடிவந்தாள்.

"அம்மா, தேர்ஸ் எ மேன் வித் அன் அம்ப்ரெல்லா. அண்ட் ஹி டுக் ஆஃப் ஹிஸ் ஷூஸ் வித்தவுட் மீ டெல்லிங் ஹிம்!"

ஒகாத்தாவும் கிதகாவாவும் வாசலில் நின்றார்கள். கிதகாவா சொன்ன நேரத்துக்கு வந்ததே அன்றைய முதல் அதிசயம். ருக்மிணி அவளுக்குக் குங்குமம் கொடுத்தாள். ஒகாத்தா நேராகக் கொலு முன்னால் போய்த் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மேலே கலசத்தைப் பார்த்தார், தசாவதாரத்தைப் பார்த்தார், கடைசியில் கீழ்ப்படிக்கு வந்தார். தொப்பையும் தலைப்பாகையுமாகச் செட்டியார், பக்கத்தில் அவர் சம்சாரம், முன்னால் அரிசி பருப்புக் கிண்ணங்கள். ஒகாத்தா பார்த்துக்கொண்டே இருந்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கூட்டத்துக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், விருந்தாளி சிரிக்கிறாரே என்று எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"அடுத்த வருஷமாவது என் இங்கிலாந்தை ஒரு படி ஏற்றுவீர்களா?" என்றார்.

"யோசிக்கிறேன்" என்றாள் ருக்மிணி. அடுத்த வருஷம் என்ற சொல் அப்புறம்தான் அவள் காதுக்குள் போனது.

ஒகாத்தா கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து, எழுந்து நின்று, இரண்டு கையாலும் நீட்டித் தலை குனிந்தார். "அச்சடித்துவர இரண்டு நாள் ஆகிவிட்டது. வெறுங்கையோடு சொல்லக் கூடாது என்று மிஸ் கிதகாவாவை வாய் திறக்க விடவில்லை. மன்னிக்க வேண்டும்."

உள்ளே விசிட்டிங் கார்டுகள். ஒரு பக்கம் ஜப்பானிய எழுத்து. மறுபக்கம் ஆங்கிலத்தில், ருக்மிணி வெங்கடகிருஷ்ணன், ஐரோப்பியப் பயண ஆலோசகர். ருக்மிணி படித்தாள், திருப்பினாள், படிக்கத் தெரியாத பக்கத்தையும் படித்தாள். மேலே இருந்த அட்டையை எடுத்தாள். கூடத்தில் இத்தனை பேர் இருக்க, நேராகக் கணவரிடம் போனாள். அவர் இடது கையில் சுண்டல் கிண்ணம். என்னவோ என்று வலது கையை மட்டும் நீட்டினார்.

"அப்படி இல்லை. ரெண்டு கையாலயும் வாங்கிக்கணும். படிச்சுப் பாத்துட்டுத்தான் பையில வெக்கணும். அவா வழக்கம்."

வெங்கடகிருஷ்ணன் சுண்டலைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.